தண்டல் அட்டையிலிருந்து வங்கிக் கடனுக்கு: அக்காவின் போனோடு உட்காரப் போகிறவர்களுக்கு

சென்னையில் தள்ளுவண்டி வைத்திருப்பவரிடம் "அவசரத்துக்குப் பணம் எங்கே வாங்குறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "தண்டல் இருக்கே" என்பார். பேச்சுக்கு 10,000 ரூபாய். கையில் வருவது 9,000, ஆளைப் பொறுத்து 8,500. தினம் 100 ரூபாய், 100 நாள். சாயங்காலம் பைக்கில் வருகிறவர் பணத்தை வாங்கிக்கொண்டு அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 9,000 வாங்கியவர் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுகிறார். 8,500 வாங்கியவருக்கு அது 120ஐத் தொடுகிறது.

ஆனாலும் தண்டல்காரரிடம் ஒரு விஷயம் உண்டு. அவர் தினமும் கடையைப் பார்க்கிறார். இன்று கூடையில் எவ்வளவு பூ மிஞ்சியிருக்கிறது, பூ விற்கும் அக்கா நேற்று ஏன் வரவில்லை, முகூர்த்த நாளில் எவ்வளவு ஓடும், எல்லாம் அவருக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் காகிதம் எதுவும் கேட்காமல் பணத்தை நீட்டுகிறார். வங்கி மேலாளருக்கு இதில் எதுவும் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அக்காவுக்கு வியாபாரமே இல்லை. ஏழைக்குக் கடன் கிடைக்கத் தகவல் தொழில்நுட்பம் உதவும் என்று மேடையில் பேசுகிறார்களே, என் அனுபவத்தில் அதன் வேலை இவ்வளவுதான்: தண்டல்காரர் கண்ணால் பார்ப்பதை வங்கியும் பார்க்கும்படி செய்வது. அதற்கு ஒரு சாதாரண போன் போதும். ஆனால் அந்த போன் அக்காவுடையதாக இருக்க வேண்டும்.

வட சென்னைப் பக்கம் சாலையோர வியாபாரிகளுக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் போனை வைத்தே வங்கிக் கடன் வாங்க உதவி செய்துவருகிறேன். கல்லூரி மாணவர்கள், மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர்கள், தன் அம்மாவுக்கே செய்து கொடுக்க நினைக்கும் பிள்ளைகள் எனப் புதிதாக வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் நோட்டு, பிறகு போன்

போய் உட்கார்ந்ததும் போனைக் கேட்காதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு வாரக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். எழுத வராதென்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஒரு பூக்கார அக்காவின் ஒரு நாள் இப்படி இருந்தது: கோயம்பேட்டில் சரக்கு 1,800. ஷேர் ஆட்டோ 80. நாரும் கவரும் 40. விற்றது 2,500. தண்டலுக்கு 100. வீட்டுக்குப் போனது 480.

"அப்போ எனக்கு நாளைக்கு 480தான் நிக்குதா?" என்று அவரே கேட்டார். அதுவரை 700 என்று நினைத்திருந்தார்.

எத்தனை ரூபாய்க் கடன் தாங்கும் என்பதை இந்த 480தான் சொல்லும். அரசுத் திட்டத்தில் எவ்வளவு தருகிறார்கள் என்பதைப் பிறகு பார்க்கலாம். கூடவே, ஏற்கெனவே இருக்கும் கடன் எல்லாவற்றையும் எழுதுங்கள்: தண்டல், குழு லோன், அடகு, மளிகைக்கடை பாக்கி, மச்சினரிடம் வாங்கியது. முதல் நாளில் பாதிதான் சொல்வார்கள். மூன்றாவது வாரத்தில் மீதி வரும். அவசரப்படுத்த வேண்டாம்.

படி 2: அந்த எண் யாருடையது?

எல்லாக் கதவுக்கும் ஓ.டி.பி.தான் சாவி. ஆதாரோடு எந்த எண் இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் ஓ.டி.பி. போகும். பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேருக்கு அது எந்த எண் என்றே தெரியாது. பழைய சிம், மகனுடைய எண், வேலை செய்த வீட்டம்மாவின் எண் என்று ஏதேதோ இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிம்மை நிறுவனம் நிறுத்திவிட்டு, அதே எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். அப்படி ஓர் அக்காவின் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். அவர் பெயரில் ஒரு சிம் இருக்கட்டும். பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை. ஆதார் மையத்துக்கு அவரையே அழைத்துப்போய் அந்த எண்ணை இணையுங்கள். சிறிய கட்டணம் உண்டு, ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அதே எண்ணை வங்கிக் கணக்கிலும் பதிய வேண்டும். ஆதாரில் மாற்றினால் வங்கியிலும் தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது.

இதில் நான் செய்த தப்பை மறைக்கப் போவதில்லை. தொடங்கிய வருடம், அவசரத்தில் இரண்டு வியாபாரிகளின் விண்ணப்பத்தில் என் எண்ணைப் போட்டுவிட்டேன். "தம்பி நம்பர்தானே, பரவால்ல" என்று அவர்களும் சொன்னார்கள். கடன் வந்தது. தவணைத் தேதிக் குறுஞ்செய்தியும் வந்தது, எனக்கு! அந்த வாரம் நான் ஊரில் இல்லை, செய்தியைப் பார்க்கவுமில்லை. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பி, அபராதம் விழுந்தது. அபராதத்தை நான் கட்டிவிட்டேன். கடன் வரலாற்றில் விழுந்த கரும்புள்ளியைக் கட்ட முடியவில்லை. அதிலிருந்து எனக்கு ஒரு சட்டம்: என் எண் எந்தப் படிவத்திலும் ஏறாது, அக்காவின் போன் என் கைக்கு வராது. திரையில் எதை அழுத்த வேண்டும் என்று பக்கத்திலிருந்து காட்டுவேன், அழுத்துவது அவர். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும். நாலாவது நாள் அவரே அழுத்துவார்.

ஆதார் அட்டையையும் உங்கள் போனில் படம் எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆறு மாதம் கழித்து என் கேலரியில் பதினொரு பேரின் ஆதார் கிடந்தது. தேவைப்படும் இடங்களில் முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரை அவர் போனிலேயே பதிவிறக்கிக் கொடுங்கள்.

படி 3: இனிஷியல் என்னும் தலைவலி

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நான் பார்த்த காரணங்களில் முதலிடம் பெயருக்குத்தான். தமிழ்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவம் கேட்கிறது. எனவே ஆதாரில் "முனியம்மாள்", வங்கியில் "எஸ். முனியம்மாள்", வாக்காளர் அட்டையில் "முனியம்மா சேகர்" என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். ஆங்கில எழுத்துக்கூட்டு தனிக் கதை. ஒன்றில் "ஐ" போட்டிருப்பார்கள், இன்னொன்றில் "ஒய்". கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். கணினிக்கு அந்தச் சோகமெல்லாம் தெரியாது, "பொருந்தவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

ஆதார், வங்கிப் புத்தகம், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, இருந்தால் பான், எல்லாவற்றையும் வரிசையாகத் தரையில் பரப்புங்கள். எழுத்துக்கு எழுத்து நோட்டில் எழுதிப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். பலருக்கு எல்லாமே ஜனவரி 1தான், அதிலும் வருடம் மாறும். எது அடிப்படை என்று குழம்ப வேண்டாம். ஆதாரில் இருப்பது ஓரளவு சரியாக இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு மாற்றுங்கள். ஆதாரைத் திருத்துவதைவிட வங்கியில் பெயரைத் திருத்துவது சுலபம். இதற்கு இரண்டு மூன்று வாரம் போகும். இதை முடிக்காமல் விண்ணப்பம் போட்டால் இரண்டு மூன்று மாதம் போகும்.

கைரேகையும் இந்த இடத்தில்தான் காலை வாரும். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் ஆயாவோடு வங்கி முகவரின் கடையில் நின்றேன். ஐஸும் உப்பும் செதிலும் நாற்பது வருடம் தேய்த்த விரல். கருவியில் மூன்று முறை வைத்தார், மூன்று முறையும் சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்தார். தலைமுடியில் விரலைத் தேய்த்து எண்ணெய் ஏற்றி மறுபடி வைத்தார். பிறகு இடது கையின் மோதிர விரலில் ஒருவழியாகப் பச்சை வந்தது. பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும் சித்தாள் வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். வேலைக்குப் போகுமுன், கை உலர்ந்திருக்கும்போது அழைத்துப் போங்கள். பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் கருவிழி, முகம், ஓ.டி.பி. என்று வேறு வழிகள் உண்டு. "ரேகை வரல, போங்க" என்பதை முடிவான பதிலாக ஏற்காதீர்கள்.

படி 4: உயிருள்ள கணக்கு

2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் பலருக்கும் பூஜ்ய இருப்புக் கணக்கு இருக்கிறது. இரண்டு வருடம் எந்த வரவு செலவும் இல்லாவிட்டால் அது செயலற்ற கணக்காகிவிடும். வங்கிக்குப் போய் மறுபடி கே.ஒய்.சி., அதாவது அடையாள, முகவரிச் சான்றுகள், கொடுத்து எழுப்ப வேண்டும், இதற்குக் கட்டணம் இல்லை. கணக்கே இல்லாதவர்களுக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்கு என்று கேட்டுத் திறந்து கொடுங்கள். வழக்கமான சேமிப்புக் கணக்கைத் தலையில் கட்டிவிட்டால், இருப்பு குறைந்த மாதமெல்லாம் சில வங்கிகள் அபராதம் பிடிக்கும்.

படி 5: வண்டியில் தொங்கும் க்யூ.ஆர்.

வியாபாரம் வங்கியின் கண்ணில் படுவது இங்கேதான். யு.பி.ஐ. வந்தது 2016இல். இன்று கீரைக்கட்டு வாங்கும்போதும் ஸ்கேன் பண்ணுகிறோம். வண்டியில் அட்டை தொங்குவது மட்டும் போதாது. அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மகன் கணக்குக்குப் போகும். "அவன்தான் போன் பாக்குறான்" என்பார்கள். அப்படியானால் வியாபாரியாக வங்கிக்குத் தெரிவது மகன்தான். ஒரு வருடம் வெயிலில் நின்று விற்ற அம்மா அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. பணமும் அவர் கைக்கு முழுசாக வருகிறதா என்பது வேறு விஷயம். அதை வீட்டுக்குள் போய்க் கேட்க நமக்கு உரிமையில்லை.

அவர் பெயரில், அவர் கணக்கில், அவர் எண்ணில் ஒரு யு.பி.ஐ. வேண்டும். டெபிட் கார்டு தொலைந்துபோயிருந்தால் பல வங்கிகளில் ஆதார் ஓ.டி.பி. வைத்தே பின் எண் அமைக்கலாம். செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் 2022 மார்ச்சில் வந்த யு.பி.ஐ. 123பே மூலம் பட்டன் போனிலேயே பணம் அனுப்பலாம். பணம் வாங்க அட்டை மட்டும் போதும், போன்கூட வேண்டாம்.

பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் டப்பாவைக் கொடுக்க ஆள் வருவார்கள். நல்ல பொருள்தான். கூட்ட நேரத்தில் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றிவிட்டுப் போகிறவர்களிடமிருந்து காப்பாற்றும். ஆனால் மாத வாடகை எவ்வளவு, வேண்டாம் என்றால் எப்படித் திருப்பித் தருவது என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இந்த ஒரு வரியை அட்டையின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்: பணம் வாங்கப் பின் எண் தேவையில்லை. யாராவது "உங்களுக்குப் பணம் போடுறேன், பின் நம்பர் போடுங்க" என்றால் அவர் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்.

"எல்லாத்தையும் ஸ்கேன்ல வாங்குனா வரி வந்துடுமா தம்பி?" என்று நிச்சயம் கேட்பார்கள். 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு கடைக்காரர்களுக்கு யு.பி.ஐ. வரவை வைத்து ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போன பிறகு, அங்கே பலர் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டார்கள். அந்தச் செய்தி இங்கேயும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. நம் ஊரில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. புதிய காய்கறி, பழத்துக்கு வரியே கிடையாது. நம் பூக்கார அக்கா தினம் 2,500 என்று 365 நாளும் விற்றாலும் 9 லட்சத்துச் சொச்சம்தான். நோட்டைத் திறந்து அவர் கணக்கை வைத்தே காட்டினால் பயம் போய்விடும்.

இப்படி ஆறு மாதம் ஓடட்டும். தினம் பத்து வரவு போதும். எல்லாம் சின்னச் சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை.

படி 6: பழைய கடனைத் தோண்டிப் பார்ப்பது

சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. குழு லோன் வாங்கியவர்களுக்கு ஹைமார்க் அறிக்கையையும் மறக்காமல் எடுத்துப் பாருங்கள். இதையும் அவர் போனில், அவர் எண்ணில்தான் எடுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வீட்டில் தையல் வேலை செய்யும் ஓர் அக்காவின் அறிக்கையில் அவர் வாங்காத கடன் ஒன்று 14 மாதமாக நிலுவையில் இருந்தது. விசாரித்ததில், குழுவில் இருந்த ஒருவர் "உன் பேர்ல எடுத்துக் குடுடி, டியூ நான் கட்டிக்கிறேன்" என்று கேட்டு, இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாலு மாதம் கட்டிவிட்டு அவர் வீட்டைக் காலி செய்து போய்விட்டார். சட்டப்படி அது இந்த அக்காவின் கடன்தான். எந்த வங்கியும் இதைப் பார்த்துவிட்டுப் பணம் தராது. பேசி, பகுதி பகுதியாகக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்று வாங்க எட்டு மாதம் ஆனது.

அறிக்கையில் வரலாறே இல்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். முதல் கடனுக்கு அது தடையில்லை. தவறான பதிவு இருந்தால் அந்த நிறுவனத்திடமே இணையவழியில் புகார் செய்து திருத்தலாம்.

படி 7: யாருக்கு எந்தக் கடன்

சாலையோர வியாபாரி என்றால் முதலில் பார்க்க வேண்டியது பி.எம். ஸ்வநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டம். 2020 ஜூன் 1 அன்று, ஊரடங்கில் முதலை இழந்தவர்களுக்காகத் தொடங்கியது. அப்போது முதல் கடன் 10,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் திட்டத்தை மாற்றியமைத்து 2030 மார்ச் 31 வரை நீட்டித்தார்கள். இப்போது முதல் கடன் 15,000 வரை, அதை அடைத்தால் 25,000 வரை, அதையும் அடைத்தால் 50,000 வரை. அடமானம் கிடையாது. தவணை தவறாதவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்குக்கே வரும். டிஜிட்டல் வரவுகளுக்குத் தனியாகக் கொஞ்சம் ஊக்கத்தொகையும் உண்டு. மாதாமாதம் அது வந்து விழும்போது அக்காக்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

நோட்டை எடுத்துத் தண்டலோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். 15,000 ரூபாய், 12 மாதத் தவணை, 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 1,333 ரூபாய். மாதத்தில் 26 நாள் கடை போட்டால் நாளைக்கு 51 ரூபாய். வருடம் முழுக்க மொத்த வட்டி 1,000 ரூபாய்க்குள், அதிலும் பாதிக்கு மேல் மானியமாகத் திரும்பிவிடும். தண்டலில் 9,000 ரூபாயை 100 நாள் வைத்துக்கொள்ளக் கொடுத்ததும் அதே 1,000 ரூபாய்தான். வங்கிக்கு வங்கி வட்டி மாறும், எனவே உண்மையான விகிதத்தைக் கேட்டுப் போட்டுப் பாருங்கள்.

இதற்கு முதலில் வியாபாரி அடையாள அட்டை வேண்டும். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சி கணக்கெடுத்துக் கொடுப்பது. கணக்கெடுப்பில் பெயர் இருந்தும் அட்டை வராதவர்களுக்கும், கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்கும் பரிந்துரைக் கடிதம் என்ற வழி இருக்கிறது. மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். விடுபட்டவர்களிடம் வியாபாரம் செய்கிறதற்கு ஏதாவது ஆதாரம் கேட்பார்கள். வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை, பழைய அபராத ரசீதுகூட உதவும். அபராத ரசீதை யாராவது பத்திரப்படுத்துவார்களா என்று நினைப்பீர்கள். தகரப்பெட்டிக்கு அடியில் இருக்கும், தேடச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தைத் திட்டத்தின் அரசு இணையதளத்திலேயே போடலாம், கட்டணம் கிடையாது. தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்களைத் தொடாதீர்கள். வங்கியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், க்யூ.ஆர். பணம் எந்த வங்கிக்கு வருகிறதோ அதையே போடுங்கள். போட்டுவிட்டுக் காத்திருக்காமல், விண்ணப்ப எண்ணோடு அக்காவை அந்தக் கிளைக்கு அழைத்துப் போங்கள். திரையில் "பரிசீலனையில்" என்று மாதக்கணக்கில் நின்றுகொண்டிருப்பது, நேரில் போனால் பத்து நிமிடத்தில் நகரும். தொழில்நுட்பத்தைப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது.

வியாபாரி அல்லாதவர்களுக்கு, அதாவது வீட்டு வேலை, தையல், இட்லிக்கடை செய்பவர்களுக்கு, மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கிக் கடன் மலிவானது. 1989இல் தருமபுரியில் தொடங்கி வளர்ந்த ஏற்பாடு இது, நகரத்திலும் இருக்கிறது. குழு சேர்ந்து, சேமித்து, கடன் வர மாதங்கள் ஆகும் என்பதுதான் குறை. உடனே கிடைப்பது தனியார் நுண்கடன் நிறுவனங்களின் குழு லோன். டேப்லெட்டோடு வீட்டுக்கே வந்து, ரேகை வாங்கி, இரண்டு நாளில் பணம் போட்டுவிடுகிறார்கள். அந்த வேகமே ஆபத்தும்கூட.

2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிகள் இருக்கின்றன. ஆண்டுக் குடும்ப வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அடமானமில்லாமல் தருவதுதான் நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 14,000 ரூபாய் வருமானம் என்றால் மொத்த டியூ 7,000க்குள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு வரக் கூடாது. கடன் அட்டை புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தண்டல் கணக்கை டேப்லெட்டில் யாரும் ஏற்றுவதில்லை என்பதால், இந்தப் பாதியை நீங்கள்தான் நோட்டை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

"ஒரு ரூபா வட்டிதான்" என்று சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். 30,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று வருடத்துக்கு 3,600 சேர்த்து, மாதம் 2,800 வாங்குவார்கள். அசல் குறையக் குறைய வட்டி குறையாததால், அது உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல். கடன் விவரத் தாளில் ஏ.பி.ஆர்., அதாவது ஆண்டுச் சதவீத விகிதம், என்று ஓர் எண் இருக்கும். செயல்முறைக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த உண்மையான விலை அதுதான். மற்ற எண்களைவிட அதைப் பாருங்கள்.

படி 8: ஐந்து நிமிடக் கடன் செயலிகள்

க்யூ.ஆர். பழகிய அக்காவின் போனில் விளம்பரமாக இவை வந்துகொண்டே இருக்கும். எல்லாமே மோசடி இல்லை. நல்லதைப் பிரித்துப் பார்க்க ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளே போதும். கடன் தருவது எந்த வங்கி அல்லது எந்தப் பதிவுபெற்ற நிதி நிறுவனம் என்று செயலி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக அக்காவின் கணக்குக்குப் பணம் வர வேண்டும். போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்புப் பட்டியலையும் அது எடுக்கக் கூடாது. வேண்டாம் என்று தோன்றினால் குறிப்பிட்ட காலத்துக்குள் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்க வேண்டும். அனுமதிபெற்ற செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கித் தளத்திலேயே இருக்கிறது.

"தொடர்புகளை அணுக அனுமதிக்கவா?" என்று கேட்டால் அந்த இடத்திலேயே நீக்கிவிடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி நிறுவச் சொல்லும் எதையும் தொட வேண்டாம். கடனுக்கு முன்பணம், ஜி.எஸ்.டி., கோப்புக் கட்டணம் என்று யாராவது ஜிபே பண்ணச் சொன்னால் அது கடன் இல்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர், சொந்தக்காரர்களுக்குப் படம் அனுப்பி மிரட்டுகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தால், முதலில் டீ வாங்கிக் கொடுங்கள். பிறகு ஒரு ரூபாயும் அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் அடியுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பதிவுபெற்ற நிறுவனத்தின் ஆட்களே அத்துமீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. 14448இல் விவரம் சொல்வார்கள்.

படி 9: டியூ நாள்

கடன் வந்ததும் நம் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். தவணைப் பணம் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும். 1,333 எடுக்க வேண்டிய நாளில் 1,300 இருந்தால் 1,300ஐ எடுத்துக்கொள்ளாது, திருப்பிவிடும். அதற்கு வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம். 33 ரூபாய் குறைந்ததற்குச் சில நூறு போய்விடும்.

நாங்கள் பழக்கிய வழி இது. தண்டலுக்கு எடுத்து வைத்த கை பழகிய கை. அதே சாயங்காலம், அதே நேரம், நாளைக்கு 55 ரூபாய் ஒரு தனி டப்பாவில். கடன் வந்த அன்றே மீதித் தண்டலை அடைத்துவிட்டால்தான் இதற்கு வழி. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் இரண்டாவது மாதமே டப்பா காலியாகும். டியூவுக்கு மூன்று நாள் முன்னால், டப்பாவில் உள்ளதை எண்ணி வங்கி முகவரிடம் கட்டிவிட வேண்டும். கணக்கில் க்யூ.ஆர். பணம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அது மறுநாள் விடியற்காலை கோயம்பேட்டுக்குப் போகிற பணம். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் டியூ தேதிகளைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டுக் கொடுங்கள். போன் நினைவூட்டலைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

கடைசித் தவணை முடிந்த வாரமே கிளைக்குப் போய், நிலுவை இல்லை என்று எழுத்தில் வாங்கி, அந்த நோட்டுக்குள் வையுங்கள். ஒரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையில் "முடிக்கப்பட்டது" என்று ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறியிருந்தால் 25,000க்கான விண்ணப்பத்தைப் போடலாம். இந்த முறை திரையை அழுத்த உங்களைக் கூப்பிட மாட்டார்கள். பெயர்ப் பொருத்தம் எங்காவது மறுபடி மாறியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.